குறிப்பேட்டில் கோளாறே இல்லை

ஒரு கம்ப்யூட்டருக்குள் ஹார்ட் டிஸ்க்கும் அதற்கு வேலை சொல்லும் நிரலும் இருந்தன.

"அண்ணே, தமயந்தி டீச்சரோட ஆராய்ச்சிக் கட்டுரையை எழுத முடியல. என் உடம்புல அந்த இடமே தேஞ்சுபோச்சு" என்றது டிஸ்க்.

கெட்ட செய்தியை மேலே சொல்லி நிரலுக்குப் பழக்கமில்லை. "சேமிக்கப்பட்டது" என்று திரையில் காட்டியது. டீச்சரின் மூன்று வருட உழைப்பு போயே போயிற்று.

நிபுணர்கள் வந்து நிரலைத் திருத்தினார்கள்.

"இனி நீ சொல்ற கோளாறு எதையும் மறைக்க மாட்டேன். ஒண்ணுவிடாம குறிச்சு வெப்பேன்" என்றது நிரல், மிடுக்காக.

"எதுல எழுதுவீங்க, அண்ணே?"

"உன் மேலதான். வேற எங்க?"

டிஸ்க் தன் தேய்ந்த உடம்பைத் தடவிக்கொண்டது.

மறுமாதம் நிபுணர்கள் குறிப்பேட்டைத் திறந்தார்கள். ஒரு கோளாறுகூடப் பதிவாகியிருக்கவில்லை. நிரலைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.