மதியானத்து ரயில்

“ஆரம்பிச்சுட்டாங்க, மேடம்!”

மருமகள் பல்லைக் கடித்தாள். படுக்கையறைக் கதவுக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியிருந்தது.

போன் திரையில் இருந்த மனநல ஆலோசகர் தலையைச் சாய்த்துக் கேட்டார். “யாரு, உங்க மாமியாரா?”

“வேற யாரு? காலையிலேர்ந்து சும்மாதான் இருந்தாங்க. நான் உங்களோட பேச உட்கார்ந்தேனோ இல்லையோ, அவங்களுக்குத் தையல் ஞாபகம் வந்துடும். ஒவ்வொரு வாரமும் இதே கூத்துதான்.”

“சொல்லிப் பார்த்தீங்களா?”

“சொன்னேனே. ‘என் மெஷின், எப்ப வேணா தைப்பேன்’னுட்டாங்க. முகம் தெரியாத மனுஷிகிட்ட அப்படி என்ன பேச்சு வேண்டிக்கிடக்குன்னு முணுமுணுப்பு வேற.”

அவள் எரிச்சலிலும் நியாயம் இருந்தது. மாசக்கணக்கில் அதே மெஷினில்தான் மாமியார், பிறக்கப்போகும் குழந்தைக்குச் சட்டையாகத் தைத்துக் குவித்தார். குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. இவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது சட்டைகள் போன இடம் தெரியவில்லை. மெஷினுக்கு உறை போட்டாயிற்று. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

கப்பலில் வேலை பார்க்கும் கணவன்தான், ‘என்கிட்ட முடியலைன்னா யார்கிட்டயாவது பேசு’ என்று இந்த ஆலோசகரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தான்.

“அந்தச் சத்தம் கேட்டாலே அந்தச் சட்டைங்கதான் ஞாபகம் வருது, மேடம். தெரிஞ்சேதான் பண்றாங்க. என்னால முடியலை. இந்தப் பேச்சை இதோட விட்டுடலாமே.”

ஆலோசகர் அவசரப்படவில்லை.

“சரி, விட்டுடலாம். அதுக்கு முன்னாடி கண்ணை மூடிக்கோங்க. சத்தத்தோட மல்லுக்கு நிக்காம, சும்மா கேளுங்க. எது மாதிரி இருக்கு?”

“மெஷின் மாதிரிதான் இருக்கு.”

ஆலோசகர் சிரித்துவிட்டார். “இன்னும் கொஞ்சம் கேளுங்க.”

திரைச்சீலையைத் தாண்டி வந்த மதிய வெயில் மூடிய இமைக்குள் செம்மஞ்சளாய்ப் பரவியது. மெஷின் வேகமெடுத்தது. மெதுவானது. மறுபடியும் வேகமெடுத்தது.

“ரயில்... ரயில் மாதிரி இருக்கு.”

“அப்ப ஏறி உட்காருங்க.”

ஏறி உட்கார்ந்தாள். ஜன்னலோர இடம். பெட்டியில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. வெளியே கரையே இல்லாத ஏதோ ஒரு தண்ணீர், நீலமாகக் கூடவே வந்தது. கட்டில் லேசாக ஆடுவது போலிருந்தது. எந்த ஊருக்குப் போகிறோம் என்று கேட்கத் தோன்றவில்லை. உடம்பு இப்படி லேசாகி எத்தனை நாளாயிற்று!

“எதிர் சீட்டுல யாரு?”

“நீங்கதான், மேடம்.”

“சொல்லுங்க. ரயில்ல பேசுறது ரயிலோட போயிடும்.”

அவள் தலையணையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“முந்தின நாளே அசைவு குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. நான் யார்கிட்டயும் சொல்லலை. பாப்பா தூங்குதுன்னு நினைச்சு நானும் தூங்கிட்டேன். இது இந்த வீட்ல யாருக்கும் தெரியாது, மேடம். தெரிஞ்சா நானே கொன்னுட்டேன்னுதானே சொல்வாங்க?”

சொல்லிவிட்டாள். அதற்குமேல் அடக்க முடியாமல் வாய்விட்டு அழுதாள். ரயிலும் தலைதெறிக்க ஓடியது. ஆலோசகர், அவள் அழுகை ஓயும்வரை எதிர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

“கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சுன்னாங்க.”

“உங்க தப்புன்னு சொன்னாங்களா?”

“இல்லை.”

“அப்ப நீங்க மட்டும் ஏன் சொல்லிட்டிருக்கீங்க?”

அவள் நெஞ்சில் இத்தனை நாள் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று மெல்ல எழுந்து நகர்ந்துகொண்டது. அடுத்த வாரமும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள்.

முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது மெஷின் நின்றிருந்தது. மாமனார் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மாமியார் பால்கனியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்படி என்னதான் தலைபோகிற தையல் என்று பார்த்துவிடலாமே என, மெஷினில் கிடந்த துணியை உருவி எடுத்தாள். ஒரு பழைய தலையணை உறை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சல்லடையாய் ஊசித் துளைகள். ஒரு தையல்கூட இல்லை. ஊசியைப் பார்த்தாள். அதில் நூலே இல்லை.

துணியோடு பால்கனிக்குப் போனாள்.

“என்ன அத்தை இது? நூலே கோக்காம ஓட்டியிருக்கீங்க?”

மாமியார் கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அன்னியிலேர்ந்து நூல் கோத்துத் தைக்க எனக்குக் கை வரலைம்மா. முதல் நாள் நீ பேச உட்கார்ந்தப்ப, ‘வணக்கம் மேடம்’னு நீ சொன்னது கூடம் வரைக்கும் கேட்டுச்சு. உங்க மாமாவுக்கோ பாம்புக் காது. அதான் சும்மா ஓட்டுறேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே அத்தை?”

“சொன்னா நீ குரலை அடக்கிக்குவே. நீ அழணும்னு நினைச்சா அழ வேண்டாமா?”

அவளுக்குத் திக்கென்றது. “அப்ப... நான் பேசினது உங்களுக்கு...?”

“மெஷினைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், எனக்கு என்ன கேக்கும்? கேக்கவும் வேண்டாம்.” மாமியார் ஒரு துண்டை உதறி மடித்தார். “என்னை நாலு வார்த்தை திட்டணும்னு உனக்கும் இருக்காதா? நான் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா, பாவம், நீ எப்படி மனசு விட்டுத் திட்டுவே?”