இதயத்தின் இடப்பக்கம்

காலை வெயில் சமையல் மேடையில் விழுந்து கிடக்கிறது. அக்கா ஈரக் கையோடு கண்களை மூடி நிற்கிறாள். போன வருடம் பேராசிரியர் சொன்னதையெல்லாம் வரி விடாமல் டைப் செய்துவிட்டுத் தேர்வில் கோட்டைவிட்டவள். இன்று மதியம் மறுதேர்வு. இம்முறை அவளுடைய டேப்லெட்டில் கேள்விகள் மட்டுமே தெரிகின்றன. தொட்டால்தான் விடை திறக்கும். அதைப் பிடித்திருக்கும் தம்பி கேட்கிறான்:

“இதயத்தோட இடப்பக்கச் சுவர் மட்டும் ஏன் தடிமன்? விடையைக் காட்டட்டுமா?”

“தொட்டே, தொலைஞ்சே!”

குழாய் சொட்டுகிறது. அவள் விரல் நெற்றியைத் தொட்டுப் பாதத்தை நோக்கி இறங்குகிறது. முகம் மலர்கிறது.

“வலப்பக்கத்துக்கு நுரையீரல் பக்கத்து வீடு. இடப்பக்கம் உச்சந்தலை, உள்ளங்கால்னு ரத்தத்தைத் தள்ளணுமே! அதான் உடம்பை வளர்த்து வச்சிருக்கு.”

தம்பி விடையைத் திறந்து பார்க்கிறான்.

“அக்கா, இதுல நீ எழுதி வச்சதைவிட இப்போ சொன்னது நல்லா புரியுது!”

“அப்போ அதை அழிச்சுட்டு இதைப் போடுடா.”

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் சிந்தாமல் தட்டுகிறான்.