நௌஷாட்டின் நம்பர்

"என்ட பொஞ்சாதிட வியாபாரத்துக்கு வாற கோட் நம்பர், உன்ட போனுக்கு ஏன் வருது?"

ஏறாவூரில் நௌஷாட்டின் கொமினிகேசன் கடை. உதயரூபன் படியேறும்போதே சத்தம் போட்டுக்கொண்டுதான் ஏறினான். பின்னால் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி அவன் மனைவி மேனுகா.

போட்டோக் கொப்பி எடுக்க வந்த சனம் வந்த வேலையை மறந்துபோனது. இலவசமாக ஒரு சண்டை கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

மேனுகாவை அங்கே பலருக்கும் தெரியும். சித்தாண்டியில் கூனி இறால் சம்பலைப் போத்தலில் அடைத்து விற்கிறவள். இந்தக் கடையில் உட்கார்ந்துதான் அரசாங்க இணையத்தளத்தில் 'மேனுகா சம்பல்' என்று தன் பெயரில் வியாபாரத்தைப் பதிந்தாள். கந்தோர் கந்தோராக அலையாமல் காரியம் முடிந்த சந்தோசத்தில் நௌஷாட் வீட்டுக்கு ஒரு போத்தலும் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல்காரர் மாதாமாதம் சம்பல் கேட்கிறார்.

"காலையில அந்த இணையத்தளத்தில இவட வியாபாரக் கணக்குக்குள்ள போய்ப் பார்ப்பமெண்டு அவட அடையாள அட்டை நம்பரை அடிச்சன். உள்ள விடுற ரகசியக் கோட் நம்பரைப் போனுக்கு அனுப்பியாச்சு எண்டு சொல்லுது. என்ட போனிலயும் இல்ல, அவட போனிலயும் இல்ல. அதில காட்டின போன் நம்பர்ட கடைசி இலக்கங்களைப் பார்த்தா, உன்ட போர்டில எழுதியிருக்கிற நம்பர்!"

நௌஷாட் தலையை ஆட்டினான். "ஓம். என்ட நம்பர்தான்."

"ஆர் போடச் சொன்னது?"

நௌஷாட் ஒரு தடவை மேனுகாவைப் பார்த்தான். அவள் சுவரில் ஒட்டியிருந்த, போனுக்குக் காசு போடும் ரீலோட் விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தரும் சொல்லல்ல. நான்தான் போட்டன்."

கடைக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பென்ஷன் கடிதத்தைக் கொப்பி எடுக்க வந்திருந்த வினாயகமூர்த்தி மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் தீர்ப்புச் சொல்லப் போகிறார் என்று அர்த்தம்.

"தம்பி, வேலியே பயிரை மேய்ஞ்சா மறுகா ஆரிட்டப் போய்ச் சொல்றது? நாளைக்கு அந்தப் புள்ளைட வியாபாரத்தையே ஒருத்தன் தன்ட பேருக்கு மாத்திப் போட்டா?"

"அப்பிடிச் சொல்லுங்க மாஸ்டர்!" உதயரூபனுக்குக் குரல் இன்னும் ஏறியது. "இவ ஒரு அப்பாவி. ஆர் என்ன சொன்னாலும் நம்புவா. அதுக்குத்தானே புருசன் எண்டு நான் ஒருத்தன் இருக்கன். இப்பவே என்ட நம்பருக்கு மாத்து."

"கணக்கு அவட. அவ சொல்லட்டும்."

உதயரூபன் மனைவியின் தோளில் கையை வைத்தான். குரல் திடீரென்று இனித்தது. "சொல்லு மேனுகா."

"அவர் சொல்ற மாதிரிச் செய்ங்க நானா." நௌஷாட்டை அண்ணன் முறை வைத்து அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"வடிவா யோசிச்சுத்தான் சொல்றிங்களா தங்கச்சி?"

"அவளிட்ட என்னடா கேள்வி?" உதயரூபன் மேசையில் அடித்த அடியில் பிரிண்டர் அதிர்ந்தது.

நௌஷாட் கம்பியூட்டர் பக்கம் திரும்பினான். அவனுடைய போனுக்குக் கடைசித் தடவையாக ஒரு கோட் வந்தது. அதை அடித்தான். உதயரூபன் சொன்ன நம்பரைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் உதயரூபனின் சட்டைப் பையில் போன் கிணுகிணுத்தது. அப்போதுதான் அவன் முகம் மலர்ந்தது.

"சித்தாண்டியில இருந்து இனி ஒரு சனமும் இந்தக் கடைக்கு வராது. நான் பார்த்துக்கொள்றன்," என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

"நானும் வேற கடை பார்க்கிறன்," என்று மாஸ்டரும் கடிதத்தை மடித்துக்கொண்டு இறங்கினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒரு கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்த திருப்தி எல்லோர் முகத்திலும் இருந்தது.

வெளியே மோட்டர் சைக்கிளில் இருந்தபடியே உதயரூபன் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். மேனுகா பக்கத்தில் காத்து நின்றாள். அவன் தட்டி முடித்ததும் பின்னால் ஏறினாள். கடைப் பக்கம் திரும்பவேயில்லை.

இவ்வளவு நேரமும் லெமினேட்டிங் மெஷினுக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற நௌஷாட்டின் மனைவி ரிப்கா முன்னால் வந்தாள். நம்பர் மாற்றத்தை உறுதிப்படுத்தத் திறந்த மேனுகாவின் இமெயில் கம்பியூட்டரில் இன்னும் மூடப்படாமல் இருந்தது. அதில் புதிதாக ஒன்று வந்து விழுந்தது. ரிப்கா சத்தமாக வாசித்தாள்.

"உரிமையாளர் பெயரை மாற்றுவதற்கான உங்கள் விண்ணப்பம் கிடைத்தது. புதிய உரிமையாளர், உதயரூபன்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"பாத்திங்களா? சீதன வீட்டு உறுதிப் பத்திரத்த ஈடு வெச்சித் திண்டவன், இப்ப இதையும் திண்டுட்டான். 'நானா, கோட் அவருக்குப் போனா என்ட பேரையே அழிச்சிப் போடுவார், உங்கட நம்பரைப் போடுங்க' எண்டு இந்தக் கதிரையில இருந்து அழுதது அவதானே! அவளும் வாயத் தொறக்கல்ல, நீங்களும் கள்ளன் பட்டத்த வாங்கிட்டு நிக்கிறீங்க. உண்மையச் சொல்லியிருந்தா என்ன?"

மோட்டர் சைக்கிள் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான் நௌஷாட்.

"சொல்லியிருக்கலாம் ரிப்கா. ஆனா, அவ அவனோடதானே வீட்டுக்குப் போகணும்?"