மிளகு கறுக்கும் வரை

விடியற்காலை ஸுபஹ் தொழுகைப் பாங்குக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

ஜுனைதா அடுக்களை விளக்கைப் போடவில்லை. அடுப்பு வெளிச்சம் போதுமாக இருந்தது. பானையில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது.

முன்னறையில் அஸ்ரா பாயில் குப்புறப் படுத்திருந்தாள். ஒரு கை சுளகின் விளிம்பைப் பிடித்திருந்தது. சுளகில் இரண்டு பிடி மிளகு.

அஸ்ராவுக்கு எட்டு வயது. நாளைக்கு, நாளை மறுநாள், கொஞ்ச நேரம் பொறு. இவை எதுவும் அவளுக்குப் பிடிபடுவதில்லை. மாத்தளையில் டாக்டர் அதற்கு ஓட்டிசம் என்று பெயர் சொன்னார். வீட்டில் அதற்கு ஒரு வழி கண்டுவைத்திருந்தார்கள். சோறு வெந்தால் குளிப்பு. கொடியில் சட்டை காய்ந்தால் கடைக்குப் போகலாம். கண்ணெதிரே ஏதாவது மாறினால்தான் அவளுக்கு நேரம் நகரும்.

அதனால்தான் கண்டி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று, உம்மா பச்சை மிளகைப் பறித்து உதிர்த்து அந்தச் சுளகில் பரப்பிக் கொடுத்தாள். இது கறுத்துக் காய்ந்ததும் உம்மா வந்துவிடுவேன் என்றாள்.

வெயிலை நம்பிச் சொன்ன வார்த்தை.

அன்று மாலையே மழை பிடித்தது. அந்த வாரம் முழுவதும் அவர்கள் ஊரான நாலந்தாவில் வெயில் விழவில்லை.

மிளகு பச்சையை விடவில்லை. அஸ்ரா சுளகை விடவில்லை.

பிஸ்கட்டைத் தவிர எதையும் தின்னவுமில்லை. நேற்றிரவு ஜுனைதா சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட ஒரு பிடி நீட்டினாள். அஸ்ரா கையைப் பார்க்கவில்லை. மிளகைப் பார்த்தாள்.

“உம்மா வந்து தீத்துவாங்க.”

அந்தப் பிடியை ஜுனைதா தன் வாயில் போட்டுக்கொண்டாள். அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

இப்போது அவள் பாயருகே மெதுவாகக் குனிந்து, சுளகின் விளிம்பிலிருந்து சின்ன விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். அஸ்ரா முனகினாள். விழிக்கவில்லை.

அடுக்களை வாசலில் தங்கச்சி ஸஜீதா கொட்டாவியோடு நின்றாள்.

“என்ன ராத்தா, விடியக்காலத்துல மிளகுக் கஞ்சியா?”

“வெயில் வாற வரைக்கும் என்னால இருக்க ஏலாது.”

ஸஜீதாவுக்கு விளங்கிவிட்டது. மழை நாட்களில் மிளகுத் தோட்டக்காரர்கள் செய்வதுதான். கொதிநீரில் முக்கி எடுத்தால் பச்சை மிளகு சீக்கிரம் கறுத்துவிடும்.

ஜுனைதா பானையைப் பிடிக்கப் போனாள். ஸஜீதா முந்திக்கொண்டாள்.

“நீங்க பாரம் தூக்க வேணாம். தள்ளுங்க. புள்ளைய ஏமாத்துறீங்க, தெரியுமா?”

“மிளகத்தான் ஏமாத்துறேன்.”

மிளகைத் துணியில் கட்டி முக்கி எடுத்தார்கள். பிறகு ரொட்டிச் சட்டியில் இளஞ்சூட்டில் புரட்டினார்கள். ஜுனைதா ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்தபடி மறு கையால் கிளறினாள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

பாங்கு சொல்லும்போது சுளகு பழைய இடத்தில் இருந்தது. அஸ்ராவின் விரல்களை எடுத்த மாதிரியே ஜுனைதா திரும்ப வைத்தாள்.

காலையில் மழை விட்டது. அஸ்ரா சுளகை முற்றத்தில் வெயில் விழுந்த இடத்துக்குக் கொண்டுபோனாள். வெயில் நகர்ந்தபோது அவளும் நகர்ந்தாள்.

பின்னேரம் அவள் சுளகைத் தூக்கிக்கொண்டு வாசல் கேற்றுக்குப் போய் நின்றாள். மிளகு கறுத்துச் சுருங்கியிருந்தது.

ஜுனைதா அதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். உடனே அறைக்குப் போய், கண்டிக்குப் போன அன்று உடுத்திய அபாயாவை எடுத்து உடுத்தினாள். கட்டிலுக்கு அடியில் கிடந்த ஆஸ்பத்திரிப் பையைத் தோளில் போட்டாள். பின்கதவால் வெளியேறி, மிளகுக் கொடிகளுக்கு இடையால் நடந்து, பிரதான வீதிக்கு வந்து பஸ் நிற்கும் இடத்தில் நின்றாள்.

தையல் போட்ட இடம் இழுத்தது. பையைக் கீழே வைக்கவில்லை.

மாத்தளைப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். அது புறப்படும்வரை காத்திருந்து, அவர்களுக்குப் பின்னால் வீட்டை நோக்கி நடந்தாள்.

முந்தாநாளும் இதே பஸ்ஸில்தான் வந்து இறங்கினாள். இதே கேற்றில் நின்று கூப்பிட்டாள். அஸ்ரா அவளைப் பார்த்தாள், பச்சை மிளகைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

இம்முறை கேற்றடிக்கு வந்த ஜுனைதா கூப்பிடவில்லை.

அஸ்ரா ஒரு மிளகை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். அது உடைந்தது. சுளகைத் தரையில் வைத்துவிட்டு வந்து, அபாயாவில் முகத்தைப் புதைத்தாள்.

“உம்மா.”

ஜுனைதா அவள் தலையில் கையை வைத்தாள்.

பிறகு அஸ்ரா முகத்தைத் தூக்கினாள்.

“உம்மா, உங்கட உடுப்பப் போட்டுக்கிட்டு ஒரு ஆள் நம்ம ஊட்ல இருந்தாங்க. இப்ப காணல்ல. அவங்கட ஊட்டு மிளகும் காஞ்சிடுச்சா?”