இதைவிட மட்டமாக ஒன்று

“இதைவிட மட்டமா ஏதாவது இருக்கா, தம்பி?”

கெய்ரோவில் இந்தக் கடை போட்ட நாளிலிருந்து ஹெட்போன் விற்கிறேன். இப்படிக் கேட்டு ஒருத்தரும் வந்ததில்லை.

“விலை கம்மியாவான்னு கேக்கறீங்களா, ஹாஜியார்?”

“விலையைப் பத்தி நான் பேசவே இல்லையே. மட்டமா இருக்கணும்.”

எழுபது தாண்டிய ஆள். இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கிற ஷூ. நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு, நான் கொடுத்ததை எல்லாம் மாட்டிப் பார்த்து, “ரொம்ப நல்லா இருக்கு, வேண்டாம்” என்று கழற்றிக் கழற்றி வைத்தார்.

ஆளைப் பார்த்தே எந்த ஹெட்போன் பொருந்தும் என்று சொல்லிவிடுவேன் நான். கல்யாண ஆட்டப் பாட்டு கேட்கிற பசங்களுக்குத் தும் தும்மென்று இடிக்கிற பேஸ் சத்தம் தூக்கலாக இருக்க வேண்டும். குர்ஆன் ஓதுவதைக் கேட்கிறவர்களுக்குக் குரல் தெளிவாக இருக்க வேண்டும். இவர் எதிலும் அடங்கவில்லை.

“முதல்ல நீங்க என்ன பாட்டு கேப்பீங்க, அதைச் சொல்லுங்க.”

“எனக்கில்லப்பா. என் சிநேகிதன் பஹ்கத்துக்கு. இடுப்பெலும்பு ஒடஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கான். சத்தமா வெச்சா பக்கத்துக் கட்டில்காரன் திட்டறானாம். அவன் கேக்கறது ஒரே ஒரு பாட்டு. இந்தா.”

செல்போனை நீட்டினார். பழைய கச்சேரி ஒன்று. ஒரே பாட்டு முக்கால் மணி நேரம்.

“நடுவுல ஒருத்தன் ‘அல்லாஹ்!’னு கத்துவான் பாரு. பாடகியே பாட்டை நிறுத்திட்டுச் சிரிப்பா. அது பஹ்கத்.”

“அட, நிஜமாவா!”

எங்கள் ஊரில் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது சபையில் யாராவது கத்தாவிட்டால் அது கச்சேரியே இல்லை. அதிலும் இந்தக் கத்தல் கெய்ரோ முழுக்கப் பிரசித்தம். டாக்சிக்காரர்கள்கூட அந்த இடத்தில் சேர்ந்து கத்துவார்கள்.

“அம்பது வருஷமா எங்க காப்பிக்கடையில அவன்தான் ராஜா. ரேடியோவுல அந்தப் பாட்டு வந்தா எல்லாரும் பேச்சை நிறுத்திட்டு அவன் மூஞ்சியைப் பாப்பாங்க. முதல் காப்பி அவனுக்குத்தான். பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல, சொந்தமா ஒரு வீடு இல்ல. அந்த ஒரு கத்தல்தான் தம்பி அவன் சொத்து.”

எனக்கே சிலிர்த்துவிட்டது. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு மட்டச் சரக்கா? கடையிலேயே உசத்தியானதை எடுத்து என் காதில் மாட்டி, அந்த இடத்துக்குத் தள்ளினேன்.

சும்மா சொல்லக்கூடாது, சபையே காதுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. “அல்லாஹ்!” வந்தது. பாடகி சிரித்தாள். அதற்குப் பின்னாலேயே, எந்த ரேடியோவிலும் இதுவரை நான் கேட்டிராத ஒரு பெண் குரல், கிசுகிசுப்பாக: “உக்காரு ஷவ்கி! பின்னாடி மறைக்குது!”

கழற்றி அவர் காதில் மாட்டி, அதே இடத்தை மறுபடி வைத்தேன்.

“ஹாஜியார், இதைக் கேட்டீங்களா? யாரோ ஒரு அம்மா புருஷனை அதட்டறதுகூட விழுது! இதுக்கு மேல என்ன வேணும்?”

“கேட்டேன். அதனாலதான் வேண்டாங்கறேன்.”

“பாதி விலைக்குத் தரேன். படுத்துக் கிடக்கற மனுஷன், பாவம்.”

“சும்மாவே குடுத்தாலும் வேண்டாம்.”

எனக்குச் சுருக்கென்றது. ஓஹோ, இதுதானா சங்கதி! ஊரே பஹ்கத்தைக் கொண்டாடுவது இவருக்கு வயிற்றெரிச்சல். ஐம்பது வருஷமாக ஒரே மேஜையில் காப்பி குடித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் கிடப்பவனுக்கு நல்லதாக ஒரு பொருள் வாங்கித்தர மனசு வரவில்லை. நல்ல சிநேகிதம்!

ஆட்டக்காரப் பசங்கள் வாங்குகிற மாடல் ஒன்றை எடுத்து மேஜையில் போட்டேன். அதில் பேஸ் மட்டும்தான் இடிக்கும். மெல்லிய சத்தமெல்லாம் அமுங்கிப்போகும்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திரும்பத் திரும்ப அதே இடத்தை வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

“கத்தல் மட்டும் கேக்குது. இதுதான் தம்பி!”

“மன்னிச்சுக்குங்க ஹாஜியார், மனசுல பட்டதைச் சொல்லிடறேன். அந்தப் பாட்டைக் கேக்க இது லாயக்கில்ல. ஒரு நோயாளிக்குப் போய் இதைக் குடுக்க உங்களுக்கு எப்படித்தான் மனசு வருதோ.”

அவர் கோபப்படவில்லை. “பணம் எவ்வளவு?” என்று மட்டும் கேட்டார்.

நான் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது, கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு வயசான அம்மாள் உள்ளே வந்தாள். கையில் துணியில் மூட்டை கட்டிய சட்டி. மொலோகியா கீரைக் குழம்பு வாசனை கடை பூராவும் அடித்தது.

“இன்னும் உக்காந்துக்கிட்டா இருக்கே? எந்திரி ஷவ்கி! அங்கே நோயாளியைப் பாக்க விடற நேரம் முடியப் போகுது!”

கட்டுவதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். குரலில் வயசு ஏறியிருந்தது, அவ்வளவுதான். அதே அதட்டல்.

“ஹாஜியார்... அப்ப அந்த ‘அல்லாஹ்’ நீங்க...” என்று இழுத்தேன்.

“பஹ்கத்தோடது,” என்றார் ஷவ்கி, வெடுக்கென்று.

அந்த அம்மாள் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல என் குரல் கேக்குதா?”

“துளிகூடக் கேக்கல.”

“அப்ப சரி. இதையே குடு, தம்பி.”