தள்ளிவைத்த பந்தயம்

"டிவி சத்தத்தை ஏன் குறைச்ச?" ஹால்வர் ரிமோட்டுக்குக் கை நீட்டினார்.

"குறைக்கல, சுத்தமா நிறுத்திட்டேன். அந்த வர்ணனைக்காரன் கத்தற கத்துக்கு நல்ல இதயமே நின்னுடும்" என்ற குன்வோர், ரிமோட்டைத் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

உண்மைக் காரணம் வேறு. வர்ணனைக்காரர் 'இன்று சனிக்கிழமை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். இன்று ஞாயிறு.

திரையில் ஓடுவது, பனியில் சறுக்கிக்கொண்டே போய் நடுநடுவே நின்று துப்பாக்கியால் குறி சுடும் அஞ்சல் பந்தயம். போன வருடம் இதே பந்தயத்தில் நார்வே அணியின் நான்காவது ஆளாகக் கடைசியில் சறுக்கியவன் அவர்களுடைய மகன் எஸ்கில். நின்றுகொண்டு சுடும்போது கோட்டைவிட்டான். தவறிய ஒவ்வொரு குறிக்கும் ஒரு தண்டனைச் சுற்று சறுக்கி, அணியையே பின்னுக்கு இழுத்துவிட்டான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஹால்வர் இதே நாற்காலியிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். நேரடி ஒளிபரப்பு கூடவே கூடாது என்றார் டாக்டர். நேரடியாகப் பார்க்காவிட்டால் அது என்ன பந்தயம் என்று ஒற்றைக் காலில் நின்றார் ஹால்வர்.

அதனால் நேற்று குன்வோர் ஒரு பொய் சொன்னாள். "ஆஸ்திரியாவுல ஒரே மூடுபனியாம். குறியே தெரியலயாம். பந்தயத்தை நாளைக்குத் தள்ளிட்டாங்க."

வழக்கமாக நடப்பதுதான். அவரும் நம்பி, பக்கத்து வீட்டு ஓஸ்முண்டின் கூரையில் பனி தள்ளப் போய்விட்டார். அவள் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். நார்வே ஜெயித்தது. அழுதாள். இன்று போட்டுக் காட்ட அதைப் பதிவு செய்துகொண்டாள். பிறகு ஒவ்வொரு வீடாகப் போன் போட்டு, ஞாயிறு சாயங்காலம் வரை யாரும் வெற்றியைக் கொண்டாடக் கொடி ஏற்றக் கூடாது என்று கெஞ்சினாள். அவரைச் சாய்த்தது தோல்விதானே, வெற்றியைப் பார்த்தால் ஒன்றும் ஆகாது என்பது அவள் நினைப்பு.

இப்போது அவர் முகத்தைப் பார்த்தால் அந்த நினைப்பு தப்போ என்று தோன்றியது.

"வெயில் என்னமா அடிக்குது அங்க" என்றார் ஹால்வர். "மூடுபனி நல்லாவே விலகிடுச்சு."

"ஆமாமா." ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்தாள். தோல் துண்டு துண்டாகப் பிய்ந்து வந்தது.

"இந்த ஓஸ்முண்ட் ஏன் கொடிக்கம்பத்துக்கிட்டயே நிக்கறான்?"

குன்வோர் ஜன்னலைப் பார்த்தாள். அந்த மனுஷன் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு இவர்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "கயிறு உறைஞ்சுபோச்சாம். சரி பண்றான்."

"பாவம், குளிர்ல சாகப்போறான்" என்று சொல்லிவிட்டு ஹால்வர் மறுபடி திரைக்குத் திரும்பினார்.

எஸ்கிலும் ஒரு பிரெஞ்சுக்காரனும் ஒன்றாகச் சுடுமிடத்துக்குள் வந்தார்கள். நின்று சுடும் சுற்று. போன வருடம் கவிழ்த்த அதே சுற்று.

முதல் குண்டு. கறுப்பு வட்டம் வெள்ளையானது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது தவறியது.

ஹால்வரின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது.

"உபரிக் குண்டு மூணு இருக்கு" என்றாள் குன்வோர். "மூச்சை விடு கிழவா."

"விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். உன் வேலையைப் பாரு."

எஸ்கில் உபரிக் குண்டு ஒன்றைக் கையால் எடுத்துப் போட்டுச் சுட்டான். தவறியது. அடுத்ததும் தவறியது. அதற்குள் பிரெஞ்சுக்காரன் சுட்டு முடித்துக் கிளம்பிவிட்டான். ஹால்வர் கண்ணை மூடினார். அவர் கை மெல்ல நெஞ்சுக்குப் போவதைக் குன்வோர் பார்த்தாள். நேற்றே நடந்து முடிந்த ஒன்றுக்காக இந்த மனுஷனைத் தானே கொல்லப் பார்க்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைசி உபரிக் குண்டு. வட்டம் வெள்ளையானது.

"விழுந்துடுச்சு, ஹால்வர். கண்ணைத் திற. தண்டனைச் சுற்று இல்ல."

"ஆனா அவன் முன்னால போயிட்டானே" என்றார், குரல் கம்மி.

எஸ்கில் துரத்தினான். இடைவெளி குறைந்தது, குறையக் குறைய ஹால்வரின் மூச்சு பெரிதாகக் கேட்டது. இனி வரப்போகிற முடிவு எப்படிப்பட்டது என்பது குன்வோருக்குத் தெரியும். நேற்று அதைப் பார்த்து அவளே வீல் என்று கத்தியிருந்தாள். அதை இந்த இதயம் தாங்குமா?

சொல்லிவிடலாம். சொன்னால் இந்த ஜென்மத்தில் அவள் பேச்சை நம்ப மாட்டார். நம்பாவிட்டால் போகட்டும், உயிரோடு இருந்தால் போதும்.

ரிமோட்டை உருவினாள். கை வெடவெடவென்று ஆடியது. ஆரஞ்சு தரையில் உருண்டது.

"ஹால்வர், இதை நிறுத்திடறேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

அவர் அவள் கையைப் பிடித்து ரிமோட்டை வாங்கி மேஜைமேல் வைத்தார். அவர் கை துளிகூட நடுங்கவில்லை.

"நேத்துலேர்ந்து எவ்வளவு பாடுபட்டுட்ட. ஓஸ்முண்ட் வீட்டுலயும் டிவி இருக்கு. இன்னும் எதுக்கு இந்த நடுக்கம்? அந்தப் பிரெஞ்சுக்காரன் கடைசி வளைவுல விழுந்துடுவான், பாரு."

திரையில் அவர்கள் இருவரும் இன்னும் அந்த வளைவுக்கு வந்து சேரவில்லை.