போலீஸுக்கே பொய்

"போலீஸுக்கே பொய் சொல்றியே, நீயெல்லாம் ஒரு நடுவரா?"

கத்தியவர் டிரைவர். வாங்கிக் கட்டிக்கொண்டவர் மெக்கானிக். இடம், பஸ் டிப்போவின் ஓய்வறை.

விஷயம் சின்னது. மதியச் சாப்பாடு முடிந்ததும் எட்டுப் பேர் திருடன்-போலீஸ் ஆடுவார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு, யாருக்கு என்ன வந்தது என்று மூச்சு விடக் கூடாது. எல்லோரும் கண்ணை மூட, போலீஸ் மட்டும் கண்ணைத் திறந்து ஒருத்தரைக் கைகாட்டுவார். நடுவர் ஒரு விரல் காட்டினால் அந்த ஆள் திருடன். இரண்டு விரல் என்றால் நல்லவன்.

இன்றைக்குப் போலீஸ், டிரைவர். தன்னுடைய கண்டக்டரையே கைகாட்டினார். அப்புறம், "சந்தேகமே வேண்டாம், இவன்தான்" என்று அடித்துச் சொன்னார். எல்லோரும் சேர்ந்து கண்டக்டரை வெளியேற்றினார்கள்.

சீட்டைப் பிரித்தால், நல்லவன்.

வெளியேறுகிறவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பஸ் கழுவ வேண்டும். அதுதான் பந்தயம்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை என் பொண்ணு ஊர்லேர்ந்து வர்றா. மூணு மாசம் கழிச்சு வர்றா."

"என்னை ஏன்டா கேக்கிறே? இந்த ஆளைக் கேளு!"

டிக்கெட் கவுண்டர்காரர் சமாதானத்துக்கு வந்தார். "சில இடத்துல போலீஸுக்குத் தப்பான தகவல் குடுக்கிறதும் ஆட்டத்துல சேர்த்திதான்."

"அதை ஆட்டம் தொடங்கும்போதே சொல்லித் தொலைக்கணும்யா! நம்பித்தானே ஒருத்தனைத் தூக்கினேன்? திருடன்கிட்ட எவ்வளவு வாங்கினே, சொல்லு!"

மெக்கானிக் கையில் இருந்த கிரீஸைத் துடைத்தார்.

"தப்புதான். ரெண்டு விரல் காட்டியிருக்கணும். ஒண்ணு காட்டிட்டேன்."

"அப்ப பஸ்ஸை யாரு கழுவுறது?"

"நான் கழுவுறேன்."

"இனிமே நடுவர்னு சொல்லிக்கிட்டு இந்தப் பக்கம் வராதே!"

"வரல."

"ஏமாத்துக்காரன்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். கூட்டம் கலைந்தது.

வெளியே இரண்டு மணி பஸ்ஸில் ஐம்பது பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் சட்டையை உதறிக்கொண்டு எழுந்தார். மெக்கானிக் குறுக்கே வந்து நின்றார்.

"இன்னும் என்னய்யா?"

மெக்கானிக் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"நான் ரெண்டு விரல்தான் காட்டினேன். நாலடி தூரத்துல உன் கண்ணுக்கு அது ஒண்ணாத் தெரிஞ்சிருக்கு. வண்டிச் சாவியைக் குடு."